நெட் இல்லாவிட்டாலும் புத்தகம் தேடித் தரும் தமிழ் நூலகப் பக்கம்: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் பக்கம் போனால் தமிழ்ப் புத்தக அலமாரி எங்காவது ஒன்று இருக்கும். சங்கத்தின் வாசகசாலையாக இருக்கலாம், கோயில் மண்டபத்து மூலையாக இருக்கலாம், அபார்ட்மென்டின் கிளப் அறையாகவும் இருக்கலாம். புத்தகம் இருக்கும், ஆனால் என்னென்ன இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஒரு நூலகத்துக்காகப் புத்தகம் தேடும் பக்கம் ஒன்றை இங்கே முதலிலிருந்து கட்டப் போகிறோம். பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓட வேண்டும், நெட் போனாலும் தேட வேண்டும், தமிழைத் தமிழாக நடத்த வேண்டும். இந்த மூன்றும்தான் இலக்கு.

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். எடிட்டர், ஃபயர்பாக்ஸ் அல்லது குரோம், நோட் (ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் கருவி), கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) இவை போதும். எல்லாமே இலவசம். ரியாக்ட், ஆங்குலர் போன்ற ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம். ஆபீஸ் வேலைக்கு நானும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறேன், அங்கே அவற்றுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நூலகத்துக்கு முழுநேர டெவலப்பர் யாரும் இருக்க மாட்டார்கள். நான்கு வருடம் கழித்து யாராவது திறந்து பார்த்தால் பாதி பேக்கேஜ்கள் பராமரிப்பில்லாமல் கிடக்கும், பில்ட் ஓடாது. வலைத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று சேர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அந்த ஆரம்ப நாட்களில் எழுதப்பட்ட ஹெச்டிஎம்எல் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. ஆள் இல்லாத இடத்தில் நிற்க வேண்டிய வேலைக்கு இந்த ஆயுள்தான் முக்கியம்.

முதல் படி: கவுண்டரில் உட்காருங்கள்

கோடு எழுதுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "கோலப் புஸ்தகம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவருக்கு ஆசிரியர் பெயர் பாதிதான் நினைவிருக்கும். "பையன் தமிழ் படிக்க ஆரம்பிச்சிருக்கான், பெரிய எழுத்துல ஏதாவது கொடுங்க" என்று ஒரு அம்மா கேட்பார். புத்தகத்தின் முழுப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு.

இந்த ஒரு காலையிலேயே வடிவமைப்பு முடிந்துவிடும். பக்கத்தில் பெரிய தேடல் பெட்டி ஒன்று, கீழே பட்டியல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அலமாரி எண், அவ்வளவுதான் வேண்டும். லாகின், ரேட்டிங், பரிந்துரை எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் படி: பேரேட்டை டேட்டாவாக மாற்றுதல்

இந்த வேலையிலேயே அதிக நேரம் பிடிப்பது இதுதான். நூலகத்தில் மூன்று விதமான பட்டியல் கிடைக்கலாம். கையால் எழுதிய பேரேடு கிடைத்தால் உட்கார்ந்து தட்டச்சு செய்யத்தான் வேண்டும். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரத்தில்) அடித்த எக்ஸெல் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மூன்றாவது, பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்த கோப்பு. அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள், அதனால்தான் அப்படி. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஸ்கேன் செய்து ஓசிஆரில் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் கருவியில்) எடுத்த பட்டியல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 'ா' என்ற கால் வர வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும், 'எ' இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்ற பழைய தமிழ் எண் '௭' நுழைந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவை வேறு.

லிப்ரே ஆபீஸின் கால்க் விரிதாளில் ஆறு நெடுவரிசை வையுங்கள்: பதிவெண், தலைப்பு, ஆசிரியர், வகை, அலமாரி, வெளியே போயிருக்கிறதா. ஆசிரியரின் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு மாறாமல் கடைப்பிடியுங்கள். சிஎஸ்வி-யாக (கமாவால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கம் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே சிஎஸ்வி-யை யாராவது எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறந்தால் தமிழ் உடைந்து தெரியலாம். கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம் இல்லாவிட்டால் எக்ஸெல் பெரும்பாலும் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதில்லை. உடைந்து தெரிகிற நிலையிலேயே சேவ் செய்துவிட்டால் டேட்டா போச்சு, அதனால் இதை முதல் நாளே நூலகத்தில் சொல்லி வையுங்கள்.

மூன்றாம் படி: ஹெச்டிஎம்எல் மட்டும் போதும் என்ற நிலை

சிஎஸ்வி-யைப் படித்து ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பும் ஒரு ஜேசன் கோப்பும் (ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் டேட்டா கோப்பு) எழுதித் தரும் சின்ன ஸ்கிரிப்டை நோடில் எழுதுங்கள். பைத்தானில் எழுதினாலும் வேலை நடக்கும், ஆனால் நோட் என்றால் தேடலுக்கான ஃபங்ஷனை ஸ்கிரிப்டும் பிரவுசரும் ஒரே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது எவ்வளவு பெரிய வசதி என்று ஐந்தாம் படியில் தெரியும்.

ஹெச்டிஎம்எல்லின் ஆரம்பத்தில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். முதலாவது, லாங் என்ற பண்பின் மதிப்பு 'டிஏ'. இது இருந்தால்தான் ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) தமிழ்க் குரலில் படிக்கும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று திணறும், அல்லது மௌனமாகத் தாண்டிப் போகும். இரண்டாவது, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரி. கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும், ஆகவே தலைப்புக்கு முன்னாலேயே போடுங்கள். மூன்றாவது, பக்கத்தைப் போன் திரை அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் மெட்டா. இதில் ஜூமைத் தடுக்கும் அமைப்பை மறந்தும் சேர்க்காதீர்கள். நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வாசிக்கக் கண்ணாடி போடுகிறவர்கள்.

பட்டியலை அட்டவணையாகப் போட்டால் போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிவரும். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு பட்டியல் உருப்படியாக வையுங்கள்: தலைப்பு பெரிதாக, கீழே ஆசிரியர், ஓரத்தில் அலமாரி எண். வகைப்படி பிரிக்க டீடெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு குறிகள் இருக்கின்றன. தட்டினால் விரியும், மீண்டும் தட்டினால் மூடும், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட வேண்டாம்.

இந்த நிலையில் நிறுத்தி, ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முழுப் பட்டியலும் தெரிய வேண்டும். பிரவுசரின் 'பக்கத்தில் தேடு' வசதியைக் கொண்டே புத்தகத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். இனி சேர்ப்பது எல்லாம் இதன் மேல் வரும் வசதிகள்தான். அவற்றில் ஏதாவது ஒரு நாள் பழுதானாலும் பட்டியல் நிற்கும்.

நான்காம் படி: தமிழுக்கு ஏற்ற சிஎஸ்எஸ்

ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய சிஎஸ்எஸ்ஸை அப்படியே தமிழுக்குப் போட்டால் நெரிசலாகத் தெரியும். வரி உயரத்தை 1.6-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். மேலே புள்ளியும் 'ி' 'ீ' வளைவுகளும், கீழே 'ு' 'ூ' வளைவுகளும் வரும், அடுத்த வரியில் போய் இடிக்கும். எழுத்திடைவெளி என்ற லெட்டர் ஸ்பேசிங் தமிழில் வேண்டவே வேண்டாம், உயிர்மெய்யின் துண்டுகள் பிரிந்து நிற்கலாம். இடாலிக்கும் அப்படித்தான். தமிழ் ஃபான்டுகளில் தனியாக வரைந்த சாய்வெழுத்து அரிது, பிரவுசர் செயற்கையாகச் சாய்த்துவிடும். வலியுறுத்த வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தோ நிறமோ போதும்.

தமிழில் சொற்கள் நீளம். 'மொழிபெயர்ப்புச் சிறுகதைகள்' என்று வகைப் பெயர் வந்தால் பட்டனை விட்டு வெளியே வழியும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காமல், ஓவர்ஃப்ளோ ராப் என்ற பண்பை வைத்து நீளச் சொல் உடைய அனுமதி கொடுங்கள்.

ஃபான்ட் விஷயத்தில் என் பரிந்துரை, முதலில் போனில் இருக்கும் ஃபான்டையே நம்புங்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். வெளியிலிருந்து ஃபான்ட் ஏற்றாவிட்டால் பக்கம் உடனே தெரியும். எல்லா இடத்திலும் ஒரே தோற்றம்தான் வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஐஎல் திறந்த ஃபான்ட் உரிமத்தில் வருகிறது, உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். வொஃப்2 வடிவத்தில், தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்துச் சுருக்கி, ஃபான்ட் டிஸ்ப்ளே பண்பில் ஸ்வாப் என்று கொடுங்கள். ஃபான்ட் வந்து சேரும் வரை போனின் சொந்த ஃபான்டில் எழுத்து தெரியும்.

ஐந்தாம் படி: தேடல்

இங்கே நிதானமாகப் போவோம். தமிழ்த் தளங்கள் பலவற்றில் தேடல் தோற்றுப் போவதற்குக் காரணம் அல்காரிதம் அல்ல, எழுத்து.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுடன் 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது க-வுடன் 'ெ', அதன் பின்னால் 'ா' என்று தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்த 'கொலு' இன்னொருவர் அடித்த 'கொலு'வோடு பொருந்தாமல் போவது இப்படித்தான். மருந்து ஏற்கனவே ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. நார்மலைஸ் என்ற ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்று கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பட்டியலுக்கும் இதைப் போடுங்கள், தேடுகிறவர் அடிக்கும் சொல்லுக்கும் போடுங்கள்.

ஆனால் 'கௌரி' இதில் தப்பிவிடும். பலர் ஔகாரக் குறியைப் போடாமல் 'ெ' போட்டுப் பின்னால் 'ள' அடித்துவிடுவார்கள், 'கெளரி' என்று. அது பார்வைக்கு மட்டும் ஔகாரம், யூனிகோடுக்கு வேறு சொல். என்எஃப்சி அதைத் தொடாது. சரி, 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமா? கூடாது. 'வெளி', 'தெளிவு', 'வெள்ளி' எல்லாம் கெட்டுவிடும்.

அதனால் காட்டும் எழுத்து வேறு, தேடும் எழுத்து வேறு என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் திரையில் காட்டாத தேடல் சாவி ஒன்றை உருவாக்கி ஜேசனில் சேருங்கள். தேடுகிறவர் அடிக்கும் சொல்லையும் அதே ஃபங்ஷனில் போட்டு எடுத்து, இரண்டு சாவிகளையும் ஒப்பிடுங்கள். சாவியை யாரும் படிக்கப் போவதில்லை, அதற்குள் எழுத்துகளைத் தாராளமாகக் கலக்கலாம். நான் பின்பற்றும் வரிசை இது.

முதலில் என்எஃப்சி. அடுத்து, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இணைப்பான்களை நீக்குங்கள். சில கீபோர்டுகளும் வேர்டிலிருந்து செய்த காப்பி பேஸ்டும் இவற்றைக் கொண்டுவரும். மூன்றாவது, 'ௌ' வரும் இடத்தில் 'ெள' என்றும், 'ஔ' வரும் இடத்தில் 'ஒள' என்றும் மாற்றுங்கள். திசை இதுதான். எதிர்த் திசையில் மாற்றினால்தான் 'வெளி' கெடும், இந்தத் திசையில் சரியாக அடித்தவரும் தவறாக அடித்தவரும் ஒரே சாவிக்கு வருகிறார்கள்.

நான்காவது, ஒலி மயக்கம். ண, ந இரண்டையும் ன ஆக்குங்கள். ழ, ள இரண்டையும் ல ஆக்குங்கள். ற-வை ர ஆக்குங்கள். ஜ, ஷ, ஸ, ஶ நான்கையும் ச ஆக்குங்கள். 'ஜோதிடம்' என்று தேடினாலும் 'சோதிடம்' என்று தேடினாலும் அதே புத்தகம் வரும். 'ஸ்ரீ' பிரச்சினையும் இதிலேயே தீர்கிறது. அதை ஸ வைத்து அடிப்பவர்களும் உண்டு, ஶ வைத்து அடிப்பவர்களும் உண்டு, பல ஃபான்டுகளில் இரண்டும் ஒரே வடிவம்.

ஐந்தாவது, ஒற்று. 'சிறுகதைத் தொகுப்பு' என்று அட்டையில் இருக்கும், தேடுகிறவர் 'சிறுகதை தொகுப்பு' என்று அடிப்பார், இன்னொருவர் இடைவெளி விடாமல் சேர்த்தே அடிப்பார். எல்லா இடைவெளியையும் நீக்கிவிட்டு, 'க்க', 'ச்ச', 'த்த', 'ப்ப' என்று இரட்டிக்கும் இடங்களை ஒற்றையாக்குங்கள். மூன்று பேருக்கும் ஒரே சாவி கிடைக்கும்.

இப்படிக் கலக்கினால் 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஒன்றாகிவிடுமே என்றால், ஆகும். ஆகவே முடிவுகளை இரண்டு கட்டமாக அடுக்குங்கள். எழுத்து மாறாமல் பொருந்துபவை மேலே, சாவியில் மட்டும் பொருந்துபவை கீழே. பள்ளி பற்றிய புத்தகம் தேடியவருக்குக் கீழே பல்லி பற்றி ஒன்று வந்தால் நஷ்டமில்லை. தேடிய புத்தகம் அலமாரியில் இருக்கும்போது 'எதுவும் இல்லை' என்று பக்கம் சொல்வதுதான் நஷ்டம்.

எழுதும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். கீடவுன் நிகழ்வைக் கேட்காதீர்கள், இன்புட் நிகழ்வைக் கேளுங்கள். போன் கீபோர்டில் தமிழ் அடிக்கும்போது எழுத்து பாதி உருவான நிலையில் இருக்கும், கீடவுனில் சரியான எழுத்து கிடைப்பதில்லை. எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் இருக்கும் சொல்லை உங்கள் கோடு மாற்றி எழுதவும் கூடாது, எழுத்துகள் இரட்டித்துவிடும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ தமிழை எழுத்தாகவே மதிக்காது. யூ கொடியைப் போட்டு, எழுத்து, குறி என்ற யூனிகோட் வகைகளைக் கொண்டு எழுதுங்கள். தலைப்பைச் சுருக்கிக் காட்ட எழுத்தை எண்ணி வெட்டாதீர்கள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும், நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் இன்டல் செக்மென்டர் இருக்கிறது, அது 3 என்று சரியாக எண்ணும். ஃபயர்பாக்ஸிலும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டதால் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இப்போது கிடைக்கிறது. பழைய பிரவுசருக்காக, அது இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மூவாயிரம் புத்தகம் வரை சர்வர் பக்கத் தேடல், தனி இன்டெக்ஸ் எதுவும் தேவையில்லை. ஒரு தமிழ்க் குறிக்கு யூடிஎஃப்-8-இல் 3 பைட். ஒரு புத்தகத்துக்கு 60 குறி என்று வைத்தால் 180 பைட், மூவாயிரத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி. சர்வர் சுருக்கி அனுப்பும்போது இன்னும் குறையும். சாவிகளை ஜேசனில் வைக்காமல் போனிலேயே உருவாக்கினால் கோப்பு சிறிதாகும், முதல் தடவை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இரண்டையும் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேடல் முடிவுக்கு மேலே '12 புத்தகங்கள் கிடைத்தன' என்று ஒரு வரி வைத்து, அதற்கு ஏரியா லைவ் பண்பைக் கொடுங்கள். பார்வையற்ற வாசகருக்கு எண்ணிக்கை மாறியதை ஸ்கிரீன் ரீடர் சொல்லும்.

ஆறாம் படி: கன்னடத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு

பெங்களூரில் இதை விட்டுவிடக் கூடாது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளைகள் ஏராளம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார்கள், தட்டச்சு செய்ய வராது, போனில் கன்னடக் கீபோர்டு இருக்கும். அவர்கள் கன்னட எழுத்தில் 'கோலம்' என்று அடித்தால் தமிழ்ப் புத்தகம் வர வேண்டும்.

கேட்க மலைப்பாக இருந்தாலும் செய்வது சுலபம். இந்திய எழுத்துகளை யூனிகோடில் அமைத்தபோது இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் வரிசையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் 128 இடம், ஒத்த எழுத்துக்கு ஒத்த இடம். கன்னடப் பகுதி தமிழ்ப் பகுதியிலிருந்து சரியாக 256 தள்ளித் தொடங்குகிறது. அதாவது கன்னட க-வின் எண்ணிலிருந்து 256 கழித்தால் தமிழ் க. கன்னட ஓகாரக் குறியிலிருந்து 256 கழித்தால் தமிழ் 'ோ'. புள்ளியும் அப்படியே வரும்.

இதோடு மூன்று சரிசெய்தல் வேண்டும். கன்னடத்தில் வர்க்க எழுத்துகள் உண்டு, அதாவது க-வுக்கே நான்கு எழுத்து, தமிழில் மற்ற மூன்றின் இடங்கள் காலி. அதனால் ககர வரிசையின் நான்கையும் க ஆக்கி, ட, த, ப வரிசைகளுக்கும் அப்படியே செய்யுங்கள். ச வரிசையில் ஜ-வுக்குத் தமிழிலேயே இடம் இருக்கிறது, அதை ஐந்தாம் படியின் ஒலி மயக்க விதி பார்த்துக்கொள்ளும், மற்றவை ச ஆகட்டும். அடுத்து அனுஸ்வாரம் என்ற சுழி: சொல்லின் கடைசியில் வந்தால் 'ம்', க-வுக்கு முன்னால் 'ங்', ட-வுக்கு முன்னால் 'ண்', த-வுக்கு முன்னால் 'ந்' என்று அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். மூன்றாவது, கழிப்பதற்கு முன்னாலேயே என்எஃப்சி செய்துவிட வேண்டும். கன்னடத்திலும் துண்டுக் குறிகள் உண்டு. இதையெல்லாம் முடித்துவிட்டு ஐந்தாம் படியின் சாவி ஃபங்ஷனுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கும் வழி செய்யலாம். தமிழ்ச் சாவியிலிருந்து ஓர் ஆங்கில எழுத்துச் சாவியை உருவாக்கி, வல்லின ஒலியும் மெல்லொலியும் ஒரே எழுத்துக்கு வரும்படியும், நெடில் குறில் வேறுபாடு இல்லாதபடியும் சுருக்குங்கள். இதில் முழுத் துல்லியம் கிடைக்காது. முதல் ஐந்து முடிவுக்குள் புத்தகம் வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அகர வரிசை

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண சார்ட், யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் ன, ப-வுக்கு முன்னால் வரும், ற, ர-வை ஒட்டி நிற்கும், வ கடைசிப் பக்கம் போய்விடும். மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் வரும், அதாவது 'அகம்' முதலில் வந்து 'அக்கா' பின்னால் வரும். அகராதி பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் குத்தும். இன்டல் கொலேட்டரை 'டிஏ' என்று கொடுத்து உருவாக்கி, அதன் ஒப்பீட்டு ஃபங்ஷனை சார்டுக்குக் கொடுங்கள். ஒரே வரிதான். பட்டியலை உருவாக்கும்போதே அடுக்கிவிட்டால் போனுக்கு அந்த வேலையும் இல்லை.

எட்டாம் படி: நெட் இல்லாதபோது

இதற்கு சர்வீஸ் வொர்க்கர் என்ற தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வேண்டும். பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் இடையில் நின்று, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எங்கிருந்து பதில் தருவது என்று அது முடிவு செய்யும். ஹெச்டிடிபிஎஸ் இருந்தால்தான் ஓடும், உங்கள் கம்ப்யூட்டரின் லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு. கோப்பைத் தளத்தின் வேர் ஃபோல்டரிலேயே வையுங்கள். உள்ளே ஒரு ஃபோல்டரில் வைத்தால் அந்த ஃபோல்டருக்கு மட்டும்தான் அதன் ஆட்சி செல்லும்.

மூன்று நிகழ்வுகளை எழுதினால் போதும். இன்ஸ்டால் ஆகும்போது ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசன், ஃபான்ட் ஐந்தையும் கேஷில் (போனிலேயே பிரவுசர் சேமித்து வைக்கும் இடத்தில்) போடுங்கள். கேஷின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். ஆக்டிவேட் ஆகும்போது பழைய பதிப்பு எண் கொண்ட கேஷ்களை அழித்துவிடுங்கள். ஃபெட்ச் நிகழ்வில்தான் யோசிக்க வேண்டும். ஃபான்ட் மாறாது, எப்போதும் கேஷிலிருந்தே கொடுங்கள். பக்கமும் ஜேசனும் மாறும், முதலில் நெட்டில் கேளுங்கள், வராவிட்டால் கேஷ். எல்லாவற்றையும் கேஷிலிருந்தே கொடுத்தால் வேகமாகத்தான் இருக்கும், ஆனால் போன மாதம் வந்த புத்தகம் இந்த மாதமும் பட்டியலில் தெரியாது. நூலகத்தில் 'உங்க பக்கம் அப்டேட்டே ஆகலையே' என்பார்கள்.

நெட் சுத்தமாக இல்லை என்றால் கோரிக்கை உடனே தோற்றுவிடும், கேஷ் வந்துவிடும். சிக்கல் அரைகுறை சிக்னலில்தான். போன் நெட் இருப்பதாகக் காட்டும், பதில் மட்டும் வராது, வெள்ளைத் திரை நிற்கும். ஆகவே நெட் கோரிக்கைக்கு 3 விநாடி கெடு வையுங்கள். அபார்ட் கன்ட்ரோலர் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. கெடு தாண்டினால் கோரிக்கையை நிறுத்திவிட்டுக் கேஷைக் காட்டுங்கள். நான் இதைப் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் சோதிப்பேன். அல்சூரில் ஏறி எம்ஜி ரோடு தாண்டியதும் வண்டி தரைக்கடியில் இறங்கி கப்பன் பார்க் போகும், என் போனில் சிக்னல் அலைபாய்வது அங்கேதான். ஏரோபிளேன் மோடில் தேர்வாகிற பக்கம் அந்த இடத்தில் தோற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

முகப்புத் திரையில் ஐகானாக வைக்க மேனிஃபெஸ்ட் கோப்பு ஒன்று எழுதுங்கள்: பெயர், குறும்பெயர், தொடங்கும் முகவரி, 192 மற்றும் 512 பிக்சல் ஐகான்கள். குறும்பெயர் 'நூல் தேடல்' அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும், நீளமானால் போன் வெட்டிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்களிடம் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்திக்கொண்டே உங்கள் தளத்தை மட்டும் எட்டிப் பார்க்காமல் இருந்தால், தளம் சேமித்து வைத்த டேட்டாவை சஃபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு அந்த விதி கிடையாது.

ஒன்பதாம் படி: வெளியிடுதல்

எல்லாம் நிலையான கோப்புகள் என்பதால் கிட்ஹப் பேஜஸ் அல்லது கோட்பெர்க் பேஜஸில் காசில்லாமல் வைக்கலாம், ஹெச்டிடிபிஎஸ் கூடவே வரும். சொந்த டொமைன் வாங்கினால் அது நூலகத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். கோடுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல் உரிமம் போட்டுத் திறந்து வையுங்கள். மும்பை தாராவியிலோ டெல்லி கரோல் பாக்கிலோ இதே மாதிரி அலமாரி வைத்திருப்பவர் எடுத்துப் பயன்படுத்தட்டும்.

வழி காட்ட வரைபடம் வேண்டும் என்றால் ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடம், அதைப் பக்கத்தில் காட்டும் லீஃப்லெட் இரண்டும் போதும். வரைபடத்தின் ஓரத்தில் ஓபன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்களின் பெயர்க்குறிப்பு இருக்க வேண்டும் என்பது உரிம விதி. அவர்களின் வரைபடத் துண்டுகளை மொத்தமாக இறக்கி ஆஃப்லைனுக்குச் சேமிக்காதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. ஆஃப்லைனில் விலாசத்தை எழுத்தில் காட்டினால் போதும். நூலகம் வரைபடத்தில் இல்லையென்றால் நீங்களே சேர்த்து, தமிழ்ப் பெயரையும் அதற்கான தனி டேகில் எழுதிவிடுங்கள்.

பத்தாம் படி: கையில் கொடுத்துப் பார்த்தல்

உங்கள் புதுப் போனில் எல்லாம் பறக்கும், அது சோதனை ஆகாது. நூலகத்தில் யாரிடமாவது இருக்கும் பழைய போனை வாங்கி அதில் திறந்து பாருங்கள். அப்புறம் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் போனைக் கொடுத்து, "ஐயா, சமையல் புத்தகம் ஒண்ணு தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே குறை இருக்கிறது. எழுத்தளவை போன் அமைப்பில் மிகப் பெரிதாக்கி ஒருமுறை, டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, வெயிலில் நின்று ஒருமுறை பாருங்கள். இளஞ்சாம்பல் எழுத்து வெயிலில் காணாமல் போய்விடும்.

பதினோராம் படி: ஒப்படைத்தல்

புதுப் புத்தகம் வந்தால் அவர்கள் செய்ய வேண்டியது கால்க் கோப்பில் ஒரு வரி சேர்த்து சிஎஸ்வி-யாகச் சேமிப்பது மட்டுமாக இருக்க வேண்டும். அதை ரெப்போவில் (கிட் களஞ்சியத்தில்) ஏற்றியதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடிப் பக்கத்தை உருவாக்கும்படி கிட்ஹப் ஆக்ஷன்ஸில் அமைத்துவிடலாம். பதிவெண் இரட்டித்தாலோ தலைப்பு காலியாக இருந்தாலோ ஸ்கிரிப்ட் நின்று, எந்த வரியில் தவறு என்று தமிழில் சொல்லட்டும். 'வரி 412: அலமாரி எண் இல்லை' என்று வந்தால் யாரும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, அவர்களே திருத்திவிடுவார்கள்.

யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், அவர்கள் போன் எண் என்ன என்பதெல்லாம் இந்தக் கோப்புக்குள் வரவே கூடாது. நிலையான தளத்தின் ஜேசனை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம், கிட் வரலாற்றில் ஒருமுறை ஏறியதை முழுக்க அழிப்பதும் சிரமம். எடுத்தவர் பெயர் பழைய பேரேட்டிலேயே இருக்கட்டும். பக்கத்துக்கு வேண்டியது 'வெளியே' என்ற ஒரு குறிப்பு மட்டும். கூடவே, பட்டியல் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்பதைத் தலைப்புக்குக் கீழே தமிழில் காட்டுங்கள். இன்டல் டேட் டைம் ஃபார்மட் மாதப் பெயரைத் தமிழிலேயே தரும். சிவாஜி நகரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு நம்பிக் கிளம்பலாமா, ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாமா என்று முடிவு செய்துகொள்வார்.